பதினான்கு இஞ்சுக்குள் அடங்காத பிரேக்

எனக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு இப்போது என்னுடையதைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிலர் போன மாதம் போன் செய்தார்கள். வாகனப் பரிசோதகர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். தலைப்பைக்கூட அவர்களே போட்டு வைத்திருந்தார்கள்: 'மாற்றியமைத்த கார்களில் பாதுகாப்பும் செயல்திறனும், ஒரு சமநிலை.' இரண்டு பக்கம், கூடவே ஒரு போட்டோ. சமநிலையை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டேன். "சாருக்குத் தெரியாததா?" என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் இதைச் சொல்ல யாருக்கும் எதுவும் செலவாவதில்லை.

இப்போதெல்லாம் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்தினால் இயந்திரமே பிரேக்கை அளந்து சீட்டு அடித்துக் கொடுத்துவிடுகிறதாம். பரிசோதகர் வண்டிக்குள் ஏறவே வேண்டாமாம். மிகவும் நல்லது. நான் ஏறினேன். ஏறியதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரமனை அக்ரஹாரத்தில் பிறந்தவன் பாங்குக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் செக்ரடேரியட்டுக்குப் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்து, ஒரு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் கிடந்தேன். சாயங்காலம் கிரீஸ் கையோடு வரும்போது அம்மா என்னைக் கொல்லை வழியாகத்தான் உள்ளே விடுவாள். பிறகு பரீட்சை எழுதி, காக்கி போட்டு, தொப்பியோடு வந்தபோது வாசல் வழியாக வரலாம் என்று அனுமதி கிடைத்தது. எங்கள் தெருவில் உத்தியோகத்துக்கு அவ்வளவு மகிமை.

முப்பத்தொரு வருஷம் வண்டி பார்த்தேன். அதில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. நம் ஊரில் காரை மாற்றியமைப்பவர்கள் முதலில் சத்தத்தைக் கூட்டுவார்கள். அடுத்து விளக்கைக் கூட்டுவார்கள். அதற்கப்புறம் உயரத்தைக் குறைப்பார்கள். எல்லாம் முடிந்தபின் கையில் ஏதாவது மிஞ்சினால் அப்போது பிரேக்கைப் பற்றி யோசிப்பார்கள். யாருக்கும் மிஞ்சாது. சைலன்சரைப் பிடுங்கிப்போட்டால் வேகம் கூடும் என்று நம்பிய ஒரு பல் டாக்டரை எனக்குத் தெரியும். பக்கத்து வண்டி ஒதுங்கியது என்னவோ வாஸ்தவம், ஆனால் அது காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியது. இன்னொருவர் கார் தாழ்வாக இருந்தால்தான் அழகு என்று நான்கு சுருள்வில்லையும் ரம்பத்தால் அறுத்திருந்தார். வண்டி திரும்பும்போது டயர் உள்பக்கம் உரசிப் புகைந்தது. ஏன் சார் இப்படி என்று கேட்டதற்கு, பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன் என்றார். அழகுக்கு ரம்பம், பாதுகாப்புக்குத் தேங்காய். அந்தச் சமநிலையைத்தான் மலர்க் குழு என்னிடம் கேட்கிறதோ என்னவோ.

நோட்டீஸ் வந்தால் இவர்கள் எல்லாரும் ஒரே நாளில் நல்லவர்களாகிவிடுவார்கள். பரிசோதனை நாளுக்கு மட்டும் கம்பெனி சைலன்சரும் கம்பெனி டயரும் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று ஒரு சந்தில் இருந்தது. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவது போல மாட்டிக்கொண்டு வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே சைலன்சரை ஒரே வாரத்தில் மூன்று வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அதில் இருந்த நசுங்கல் எனக்கு அத்துப்படி. மூன்று தடவையும் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதினேன். பார்க்கிற நேரத்தில் சரியாகத்தானே இருந்தது.

இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தவர் என் மேலதிகாரி குருப்பு சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, முழுக்கை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். எந்த வண்டியையும் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், எப்போதும் இடமிருந்து வலம்தான். நான் கூடவே ஆர்.சி. புக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். நிறம் என்பேன், நிறத்தைப் பார்ப்பார். எஞ்சின் எண் என்பேன், குனிந்து பார்ப்பார். சட்டைப் பையில் ஒரு மர ஸ்கேல் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது. அதை என்னிடம் நீட்டுவார். நான் மண்டியிட்டு அளந்து சொல்வேன். துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவர் மலையாளி. என்னிடம் தமிழில்தான் பேசுவார், அதாவது தமிழ் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததில். "சாமி, நமக்கு அபிப்பிராயம் எந்தினா? புக்குல உள்ளது வண்டியில் உண்டோ, வண்டியில் உள்ளது புக்குல உண்டோ, அத்ர மதி." அபிப்பிராயம் எதற்கு, அவ்வளவு போதும் என்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை. நேர்மையான மனிதர். நேர்மையான மனிதர் ஒருவருக்குக் கீழே வேலை பார்ப்பதில் உள்ள அபாயம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ராமநாதன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஏழாவது வீடு. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. அப்போது முப்பத்தெட்டு வயதிருக்கும். மனைவி லலிதா, ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். அவனிடம் ஒரு சிவப்புச் சின்ன கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தெருவில் பாதிப் பேர் கோவிலுக்குப் போவார்கள், அவன் காருக்கு அடியில் போவான்.

அந்த வருஷம் மாற்றியமைத்த வண்டிகளைப் பிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. கிள்ளிப்பாலம் பக்கம் குருப்பு சாரும் நானும் நின்றுகொண்டிருந்தோம். சிவப்புக் கார் வந்தது. சக்கரங்கள் கம்பெனிச் சக்கரங்களைவிடப் பெரியவை என்பது பத்தடி தூரத்திலேயே தெரிந்தது. கையைக் காட்டினேன். அவன் இறங்கி, சிரித்துக்கொண்டே, "மாமா, நீங்களா?" என்றான்.

குருப்பு சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாமியுடெ ஆளா?"

"எங்க தெருதான் சார்."

"அப்போ சாமி தன்னே எழுதிக்கோ."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆபீசில் நான் ஒருவன்தான் தமிழன். தெருக்காரனுக்குச் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று முப்பது வருஷமாகக் காத்து வந்தவன். வேறு யாராவதாக இருந்திருந்தால் என்னய்யா இது என்று கேட்டு, அவன் சொல்வதைக் காதில் வாங்கியிருப்பேன். ராமநாதனிடம் எதுவும் கேட்கவில்லை. பதினாறு இஞ்ச் சக்கரம், ஆர்.சி. புக்குக்கு மாறானது, ஏழு நாளுக்குள் பதினான்கு இஞ்ச் சக்கரம் பொருத்திக் காட்டவும் என்று எழுதி நீட்டினேன். நேர்மையாக இருப்பதில் அப்படி ஒரு சுகம் இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் ஆபீசுக்கு ஒரு ஃபைலோடு வந்தான். எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினான்.

"மாமா, உள்ளதைச் சொல்லிடறேன். எஞ்சினோட கம்ப்யூட்டர்ல புரோகிராம் மாத்தியிருக்கேன். பவர் நன்னா கூடியிருக்கு. அது தெரிஞ்சுதான் முதல்ல பிரேக்கைப் பெரிசு பண்ணினேன். இதே கம்பெனியோட பெரிய கார்ல வர டிஸ்க்காக்கும். அது பழைய பதினாலு இஞ்ச் வீலுக்குள்ள அடங்காது, இடிக்கும். அதுக்காகத்தான் பதினாறு. ஷோவுக்குப் போடலை."

முதலில் பிரேக், அப்புறம் எஞ்சின். அந்த வரிசையில் செய்தவனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. ஃபைலில் ஒவ்வொரு சாமானுக்கும் தாள் இருந்தது. எந்த வேகத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது, ஐந்து தடவை தொடர்ந்து பிடித்தால் எத்தனை அடி என்று தானே அளந்து எழுதி வைத்திருந்தான். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வெளியே காட்டாமல் இருக்கத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"வீலை மாத்தினா பிரேக்கையும் கழட்டணும் மாமா. பவர் மட்டும் நிக்கும். தலைகீழா ஆயிடும். நீங்க ஒண்ணு பண்ணுங்கோ. எஞ்சினைப் பழையபடி ஆக்கச் சொல்லி எழுதுங்கோ. நாளைக்கே ஆக்கிடறேன். பிரேக்கையும் வீலையும் விட்டுடுங்கோ."

நியாயமான பேச்சு. ஆனால் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. அதை எழுத எங்கள் ஃபாரத்தில் இடமும் கிடையாது. சக்கரத்துக்கு இடம் உண்டு. ஸ்கேலும் உண்டு.

"கண்ணுக்குத் தெரியாததை நான் எழுத முடியாதுப்பா. எழுதாததை நீ மாத்த வேண்டாம். எழுதினதை மாத்திண்டு வா," என்றேன்.

அவன் ஃபைலை மூடினான். சண்டை போடவில்லை. மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்ற முகத்தோடுதான் போனான்.

ஏழாம் நாள் வந்தான். பதினான்கு இஞ்ச் சக்கரம், பழைய சின்ன டிஸ்க், எல்லாம் கம்பெனிக் கணக்குப்படி. குருப்பு சார் ஒரு சுற்று வந்தார். நான் வாசித்தேன், மண்டியிட்டு அளந்தேன், ஸ்கேலைத் துடைத்துக் கொடுத்தேன். பிரேக்கைப் பார்க்க எங்கள் முறை எளிமையானது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுண்ணாம்புக் கோட்டில் மிதித்து, அடுத்த கோட்டுக்குள் நிற்க வேண்டும். நின்றது. அழகாக நின்றது.

ராமநாதன் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டான். "ஒரு தடவை மிதிச்சா எந்தப் பிரேக்கும் நிக்கும் மாமா. ஏறிக்கோங்கோ, தொடர்ந்து அஞ்சு தடவை பிடிச்சுக் காட்டறேன்."

இடது பக்க இருக்கையில் ஏறினேன். பின்னால் ஒரு நீளமான காலிச் சாலை இருந்தது. எண்பது வரை போய் மிதித்தான். நின்றது. உடனே மறுபடி எண்பது. அந்த எஞ்சின் எண்பதைத் தொட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தும்மல் போட முடியாது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை கருகல் வாசனை வந்தது. நான்காவதில் பிரேக் மிதி கீழே வெகுதூரம் இறங்கியதைப் பார்த்தேன். ஐந்தாவது தடவை, முதல் தடவை நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தைவிட ஒரு கார் நீளம் அதிகம் போய்த்தான் நின்றது. முன்சக்கரத்திலிருந்து மெல்லப் புகை வந்தது.

"பார்த்தேளா?" என்றான்.

"பார்த்தேன்," என்றேன்.

குருப்பு சாரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கேட்க மாட்டார் என்று சொல்ல முடியாது. "ஒண்ணாமத்தது நின்னு, இல்லே?"

"நின்னது சார்."

"ரூல்ல அஞ்சு உண்டோ?"

"இல்ல சார்."

"பின்னே எந்தா சாமி?"

பின்னே ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பேன். தாளை வாங்கிக்கொண்டு ராமநாதன் நன்றி சொன்னான். எதற்காகச் சொன்னான் என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். பொன்முடியிலிருந்து இறங்கும்போது, கொண்டையூசி வளைவு ஒன்றில் அவன் வண்டி நிற்கவில்லை. மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து அது சூடேறிச் செத்துவிட்டது. போதாததற்கு ஒரு வருஷமாகப் பெரிய பிரேக்கில் ஓட்டிப் பழகிய கால் அவனுடையது. எங்கே மிதித்தால் வண்டி எங்கே நிற்கும் என்று அந்தக் கால் ஒரு கணக்கு வைத்திருந்தது. பிரேக்கை நாங்கள் மாற்றிவிட்டோம், காலின் கணக்கை மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. பாறைப் பக்கம் திருப்பினான். செய்யக்கூடியதில் அதுதான் சரி. பாறை இருந்தது இடது பக்கம், லலிதா உட்கார்ந்திருந்த பக்கம். அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது. நான்கு ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார்கள். மடக்க மட்டும் முடியாது.

விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறு உண்டா என்று போலீசுக்கு எழுதிக் கொடுப்பதும் எங்கள் வேலைதான். குருப்பு சார் என்னையே அனுப்பினார். வண்டியை அறிந்தவன் என்பதால்.

ஸ்டேஷன் வளாகத்தில், பறிமுதல் செய்த மணல் லாரிகளுக்கு நடுவே அது நின்றது. சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் கட்டை கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது. விரலால் தடவினேன், வழுக்கியது. அந்தச் சின்ன டிஸ்க்கைத் திரும்ப மாட்டச் சொன்னவன் நான். மாட்டியபின் அது தோற்றதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவனும் நான். லாரி நிழலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆபீசில் ஃபாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குருப்பு சார் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கைவைத்தார். அவர் யாரையாவது தொட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

"சாமி, ஒன்றரை மாசம் முன்னே ஒரு கடலாசு நம்ம கொடுத்து. இப்போ ஒண்ணு கொடுக்கணும். ரெண்டு கடலாசும் ஒரே போலே இருக்கணும், கேட்டோ."

தாள்கள் ஒத்துப்போக வேண்டும். வேறொரு நியாயமும் நானே கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். எஞ்சின் வலுவைக் கூட்டிய விஷயத்தை எழுதினால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தப் பிள்ளை எங்கே போவான்? ஆக, மறைப்பது அவனுக்குச் செய்யும் உபகாரம். கோழைத்தனத்துக்குக் கருணை என்று பெயர் வைக்கத் தெரிந்தவன் அரசாங்க உத்தியோகத்தில் கஷ்டப்பட மாட்டான். 'விபத்துக்குக் காரணமான இயந்திரக் கோளாறு' என்ற இடத்தில் 'ஏதும் இல்லை' என்று எழுதினேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. கோளாறு எதுவும் இல்லை. எல்லாம் ஆர்.சி. புக்கில் உள்ளபடி இருந்தது.

வண்டியில் குற்றம் இல்லை என்றால் குற்றம் யாருடையது? ஓட்டியவனுடையது. கவனக் குறைவாக ஓட்டி மனைவிக்குக் காயம் ஏற்படுத்தியதாக ராமநாதன்மேல் வழக்கு. கோர்ட்டில் தலைகுனிந்து ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். எங்கள் தெருவுக்கு அந்த அபராதம் போதவில்லை. "வேகப் பைத்தியம் பிடிச்சு ஆத்துக்காரி காலை ஒடிச்சுட்டான்" என்று கோவில் நடையில் வைத்து என்னிடமே சொன்னார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இருவரும் பஸ்ஸில் போவார்கள். அவள் ஏறி உட்காரும் வரை பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருப்பான். நான் அந்த நேரத்தில் கரமனை ஸ்டாப்புக்குப் போவதைத் தவிர்த்துவந்தேன்.

பிறகு ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். அப்பழுக்கற்ற சேவை என்று குருப்பு சார் பேசினார்.

இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோது சைலன்சரும் தேங்காயும் சுலபமாக வந்தன. அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு பக்கம் சரியாக வந்திருக்கும், எல்லாரும் சிரித்திருப்பார்கள். நிறுத்த முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழாவது வீட்டுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு இந்த ஆறு வருஷத்தில் முதல் தடவை.

லலிதா நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தாள். ராமநாதன் காபி கொண்டுவந்து வைத்தான். தலைமயிர் பாதி நரைத்துவிட்டிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. நீலம் பாய்ந்த டிஸ்க்கைச் சொன்னேன், வழுவழுத்த கட்டையைச் சொன்னேன். அந்தப் பெரிய பிரேக் இருந்திருந்தால் வண்டி நின்றிருக்கும், தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது, தெரிந்தேதான் 'ஏதும் இல்லை' என்று எழுதினேன் என்றேன்.

ராமநாதன் கோபமே இல்லாமல் சொன்னான்.

"எனக்குத் தெரியும் மாமா. அன்னிக்கு அஞ்சாவது தடவை நான் பிரேக் பிடிச்சப்போ, உங்க வலது கால் தரையைப் போட்டு அமுக்கித்து. அந்தப் பக்கம் மிதி ஏது? நான் ஓரக்கண்ணால பார்த்தேன். மாமாவே பயந்துட்டார், இனி பெரிய பிரேக்கை மாட்டிக்க விட்டுடுவார்னு நெனச்சேன். நீங்க இறங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டேள். ஆத்துக்குப் போனதும் எஞ்சினைப் பழையபடி ஆக்கிடணும்னு இருந்தேன். அப்புறம் தோணித்து, முப்பது வருஷம் வண்டி பார்த்தவர், பயந்ததுக்கு அப்புறமும் கையெழுத்துப் போட்டிருக்கார்னா, அது போதும்னுதானே அர்த்தம்? நமக்கென்ன பெரிசா தெரியும்? அப்படியே விட்டுட்டேன்."

லலிதா காலை ஸ்டூலிலிருந்து மெதுவாக இறக்கினாள்.

"அவர் மட்டுமில்லை மாமா," என்றாள். "அவர் கார்ல மலைக்குப் போறதுன்னா எனக்கு எப்பவும் பயம். எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கார், நான் போனதே இல்லை. அந்தத் தடவை நான்தான் கூப்பிட்டேன். மாமாவே ஏறி உக்காந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட வண்டிதானே, பயப்படாம போலாம்னு."